மாலைக்குள் கொடுக்க வேண்டிய கூலி



புது வண்டி வாங்கினால் முதலில் கோயிலுக்குக் கொண்டுவந்து மந்திரிப்பது நம்மிடையே உள்ள நல்ல வழக்கம். லாரிக்குப் பாடி கட்டுவதில் இந்தியா முழுவதும் பெயர் பெற்ற ஊர் நாமக்கல். அங்கே பாடி கட்டிய லாரி, பெயிண்ட் வாசனை மாறாமல் கோயில் வாசலில் வந்து நிற்கும். முன்கண்ணாடிக்கு மேலே மாதாவின் பெயரோ அந்தோணியாரின் பெயரோ எழுதியிருக்கும். மாலை போட்டுத் தீர்த்தம் தெளிக்கிறோம். பிள்ளைகள் கேபினில் ஏறி ஹாரன் அடித்துப் பார்க்கிறார்கள். நேற்றுவரை ‘டிரைவர்’ என்று நாம் அழைத்தவரை அன்று முதல் ‘ஓனர்’ என்று அழைக்கிறோம்.

அந்த ‘ஓனர்’ என்ற சொல்லைத்தான் இன்று நாம் சிந்திக்க வேண்டும். பத்து இருபது லாரி வைத்துத் தொழில் நடத்துபவர்களைப் பற்றி நாம் பேசவில்லை. பல ஆண்டுகள் பிறர் வண்டியை ஓட்டி, மனைவியின் நகையை அடகு வைத்து, மீதிக்கு பைனான்ஸ் வாங்கி, ஒரே ஒரு லாரிக்கு உரிமையாளரான சகோதரரைப் பற்றிப் பேசுகிறோம். ஓட்டுவதும் அவரே, பழுது பார்ப்பதும் அவரே, தார்ப்பாய் கட்டுவதும் அவரே. ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் கடன் தீரும்வரை வண்டி உண்மையில் யாருடையது என்பது அவருக்குத் தெரியும். இரண்டு மூன்று டியூ தவறினால் வண்டியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அவருடைய கணக்கை ஒருமுறை நாமும் போட்டுப் பார்ப்போம். பாரம் ஏற்றிய பத்துச் சக்கர லாரி ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர்தான் ஓடும். நாமக்கல்லிலிருந்து மும்பைக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேல். போவதற்கு மட்டும் 300 லிட்டர் வேண்டும். டீசல் விலைமீது இருந்த அரசுக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீக்கப்பட்டது. 2017 ஜூன் முதல் விலை நாள்தோறும் மாற்றியமைக்கப்பட்டது. வாடகை அப்படி நாள்தோறும் ஏறுவதில்லை. 2021 பிப்ரவரி முதல் பாஸ்டேக் கட்டாயமானதால், சுங்கச்சாவடியில் வண்டி நுழைந்தவுடனே பணம் எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்தக் கட்டணமும் ஆண்டுதோறும் உயர்கிறது. இவை தவிர டயர், இன்சூரன்ஸ், பெர்மிட், எஃப்.சி., புரோக்கர் கமிஷன், வழிச்செலவு எல்லாம் இருக்கின்றன.

2018ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு பார வரம்பை உயர்த்தியது. பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகக் கூடியது. நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் நாட்டில் சரக்கு அதே அளவில்தான் இருந்தது. ஒவ்வொரு வண்டியும் கூடுதலாக ஏற்றினால், குறைவான வண்டிகள் போதும். கூட்டம் அதிகமாகி லோடு குறைந்தால் வாடகை விழும். அதே மாதம் நாடெங்கும் லாரிகள் எட்டு நாள் வேலைநிறுத்தம் செய்தன. டீசல் விலை, சுங்கக் கட்டணம், மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் ஆகியவைதான் அன்று அவர்கள் எழுப்பிய முக்கியமான முறையீடுகள்.

அன்பார்ந்தவர்களே, மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லும் திராட்சைத் தோட்ட உவமை நாம் அறிந்ததே. நிலக்கிழார் விடியற்காலையிலும், ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும், ஐந்து மணிக்கும் சந்தைவெளிக்குப் போகிறார். ஐந்து மணிக்கும் சிலர் அங்கே நிற்கிறார்கள். ஏன் வேலையில்லாமல் நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். நாள் முழுவதும் காத்திருந்தவர்கள்.

இன்றைய சந்தைவெளி எங்கே இருக்கிறது? ஊருக்கு வெளியே உள்ள லாரி நிறுத்தங்களில் இருக்கிறது. மும்பையில் சரக்கை இறக்கியவர் ரிட்டர்ன் லோடுக்காகப் புக்கிங் ஆபீஸ் வாசலில் இரண்டு நாள், மூன்று நாள் காத்துக் கிடக்கிறார். வண்டி நின்றாலும் டியூ நிற்பதில்லை. நான்காம் நாள் ஒருவர் வந்து, டீசலுக்கும் டோலுக்கும் மட்டுமே கட்டுகிற ஒரு வாடகையைச் சொல்கிறார். காலியாக ஓட்டிவருவதைவிட இது மேல் என்று நம் சகோதரர் தலையாட்டுகிறார். பிறகு நாம் என்ன சொல்கிறோம்? “அவர்தானே ஒத்துக்கொண்டார்! யாரும் கட்டாயப்படுத்தவில்லையே!”

இந்தப் பேச்சுக்குத் திருச்சபை எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1891ஆம் ஆண்டு திருத்தந்தை 13ஆம் லியோ, ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலில் தொழிலாளரின் கூலியைப் பற்றி எழுதினார். வேறு வழியில்லாத நெருக்கடியால் ஒருவர் பற்றாத கூலிக்கு இசைந்தால், இசைந்துவிட்டார் என்பதாலேயே அது நீதியாகிவிடாது என்று அதில் தெளிவாகக் கற்பித்தார். நம் லாரிக்காரர் ‘முதலாளி’ என்ற பெயரில் இருக்கும் கூலித் தொழிலாளி. முதலாளிக்குரிய நட்டமெல்லாம் அவருக்கு வருகிறது. தொழிலாளிக்குரிய பாதுகாப்பு மட்டும் வருவதில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தியது. தன் வண்டியைத் தானே ஓட்டுபவருக்கு வேலை நேரத்தை அளந்து கொடுக்க யாருமில்லை. தூக்கம் கண்ணை இழுத்தாலும் ஓட்டுகிறார்.

பெங்களூரிலிருந்து சேலம் நோக்கி வரும் சாலையில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. எத்தனையோ உயிர்களைப் பலி வாங்கிய சரிவு அது. கொஞ்சம் டீசல் மிச்சமாகும் என்று அந்தச் சரிவில் வண்டியை நியூட்ரலில் விட்டு இறக்குபவர்கள் உண்டு. எஞ்சினின் பிடி இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால், முன்னால் செல்லும் கார்களில் இருப்பது யாருடைய பிள்ளைகளோ! இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஓட்டுநர் சகோதரர்களே, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் உயிரும் பிறர் உயிரும் இரண்டு லிட்டர் டீசலைவிட விலையுள்ளவை. அதே வேளையில், ஒருவரை இரண்டு லிட்டர் டீசலுக்காக உயிரைப் பணயம் வைக்கும் நிலைக்குத் தள்ளியதில் நம் பங்கு என்ன என்று நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம்மால் டீசல் விலையைக் குறைக்க முடியாது, சுங்கச்சாவடியை அகற்ற முடியாது. ஆனால் நம் கையில் இருப்பது ஒன்று உண்டு. லோடு ஏற்றும்போது ஓரளவு அட்வான்ஸ் கொடுப்பார்கள். சரக்கை இறக்கிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பேலன்ஸ். அந்தப் பேலன்ஸ் பல இடங்களில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இழுக்கிறது. “முதலாளி வெளியூர் போயிருக்கிறார்”, “அடுத்த லோடு வரும்போது சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்புகிறோம். கேட்டால் அடுத்த லோடு கிடைக்காதோ என்று அவரும் பேசாமல் போகிறார். ஏழையின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிடும்படி இணைச்சட்டம் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. கூலியைப் பறிப்பவர் இரத்தம் சிந்துபவருக்கு ஒப்பாவார் என்று சீராக்கின் ஞானநூல் 34ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. தொப்பூர்ச் சரிவை நினைத்துப் பார்த்தால் அது கடுமையான சொல்லாக நமக்குத் தோன்றாது.

ஆகவே இந்த வாரம் நாம் மூன்று காரியங்களைச் செய்வோம். கடை வைத்திருப்பவர்கள், மில் நடத்துபவர்கள், வீடு கட்டுபவர்கள் எல்லாரும் நம் கணக்கு நோட்டைத் திறந்து பார்ப்போம். செங்கலோ ஜல்லியோ சிமெண்டோ இறக்கிய வண்டிக்குப் பாக்கி இருந்தால் இன்றே தீர்ப்போம். நம் பங்கில் நடக்கும் கட்டடப் பணிக்கும் இது பொருந்தும். கோயில் வேலைதானே என்று யாருடைய பேலன்ஸையும் நிறுத்தி வைக்க நமக்கு உரிமை இல்லை. இரண்டாவதாக, சரக்கு கொண்டுவரும் வண்டியைக் காரணமின்றிக் காக்க வைக்காமல் இறக்கி அனுப்புவோம். காத்திருக்க நேர்ந்தால் குடிக்கத் தண்ணீரும், கழிப்பறையும், ஒரு மணி நேரம் படுக்க நிழலும் கொடுப்போம். மூன்றாவதாக, வண்டியை மந்திரித்த நாளோடு நிறுத்திவிடாமல், அந்தக் குடும்பத்தை அன்பியக் கூட்டத்தில் விசாரிப்போம். வண்டி எந்த ஊரில் நிற்கிறது, டியூ கட்ட முடிந்ததா, பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்போம். ‘ஓனர்’ என்ற பெயர் வந்துவிட்டதாலேயே கஷ்டத்தை வெளியே சொல்ல வெட்கப்படும் வீடுகள் நம் தெருவில் இருக்கின்றன.

உவமையின் நிலக்கிழார், மாலையானதும் கூலியைக் கொடுக்கச் சொன்னார். நாளைக்கு வாருங்கள் என்று யாரையும் திருப்பி அனுப்பவில்லை. கடைசியில் வந்தவருக்கும் அன்றைய சோறு அன்றைக்கே வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

மன்றாடுவோம். அன்புத் தந்தையே, இரவும் பகலும் சாலையில் இருக்கும் எங்கள் சகோதரர்களைக் காத்தருளும். வீட்டில் விளக்கேற்றிக் காத்திருப்பவர்களுக்கு ஆறுதல் தாரும். பிறருக்கு உரியதை எங்கள் கையில் வைத்துக்கொண்டு உம் திருப்பந்தியை அணுகாதபடி எங்கள் உள்ளத்தைத் திருத்தும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.