பெயரில் இழிவில்லை, அழைப்பவர் நாவிலே உண்டு!

(நாலந்தாவில் வாசகசாலை அன்பர்கள் கூட்டிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் சுருக்கம்)



கூட்டம் தொடங்குமுன் மாணவத் தம்பி ஒருவன் என்னை அணுகினான். "ஐயா, பெயரை மாற்ற எந்தக் கந்தோரில் மனுக் கொடுக்க வேண்டும்?" என்று வினவினான். பெயர் என்னவென்று கேட்டேன். தலை குனிந்தவாறு, "குப்புசாமி" என்றான். வகுப்பிலே "குப்பை" என்று கூவிச் சிரிக்கிறார்களாம். அவனுக்குரிய விடையை உங்கள் அனைவர் முன்னிலையிலும் சொல்லவே விழைகிறேன்.

குப்புசாமி என்னும் பெயர் எப்படிப் பிறந்தது? பெற்ற பிள்ளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சாவுக்குக் கொடுத்த தாய், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டிலே கிடத்தி எடுத்தாள். "இது எவருக்கும் வேண்டாத பிள்ளை" என்று காலனை ஏமாற்ற நினைத்தாள். குப்பன் என்றும் குப்பம்மாள் என்றும் அழைத்தாள். பிறர் கையில் கொடுத்துப் பிச்சையாகத் திரும்பப் பெற்றவள் பிச்சை என்றாள். மூக்குக் குத்தியவள் மூக்கன் என்றாள். அந்தப் பெயர்களில் இருப்பது இழிவா? இல்லை! சாவோடு மல்லாடிய தாயின் அன்பு!

ஆனால் நாம் என்ன செய்தோம்? மதிப்பற்றவரைக் குறிக்கக் "குப்பன் சுப்பன்" என்கிறோம். சுப்பன் யார்? சுப்பிரமணியன்! ஆடி வேலுக்குக் காவடி தூக்கும் நாமே அந்தப் பெயரை ஏளனச் சொல்லாக்கினோம். பிறரை மட்டும் நோவானேன்?

பிறரும் குறைவைக்கவில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக, இதே வீதியில் மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்த நம் முன்னோருக்குத் தனித்தனிப் பெயர் இருந்தது. வெள்ளைத்துரைமாருக்கோ எல்லோரும் "ராமசாமி"தான்! 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் ஆங்கில அகராதியைப் பாருங்கள். இலங்கையின் இந்தியக் கூலிகளுக்குரிய பொதுப்பெயர் என்று அதில் பொருள் எழுதியிருக்கிறது. சுருட்டுப் பற்றவைக்கும் பஞ்சுத் திரிக்கும் அதே பெயர் என்று இன்னொரு பொருளும் தந்திருக்கிறது! ஒரு மனிதனின் பெயர் சுருட்டுத் திரியாயிற்று!

தென்னாபிரிக்காவின் நேட்டாலில் நம்மவரை "சாமி" என்று இகழ்ந்ததைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். சாமி என்றால் தலைவன். தலைவன் என்னும் சொல்லையே வசையாக்கிற்று நிறவெறி! ஆகவே, இழிவு சொல்லில் இல்லை. ஆதிக்கம் செய்பவன் நாவில் இருக்கிறது.

அக்காலம் மறைந்தது என்பீர்கள். தமிழர் வழிவந்த முல்லைநாதன் என்னும் பொருளியலறிஞரும் பெர்ட்ராண்ட் அம்மையாரும் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தி, 2004இல் முடிவை வெளியிட்டனர். ஒத்த தகுதியுடைய வேலை மனுக்களில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினர். எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயருக்குப் பத்து மனுவுக்கு ஓர் அழைப்பு. லக்கீஷா, ஜமால் போன்ற கறுப்பர் பெயருக்குப் பதினைந்து மனுவுக்கு ஓர் அழைப்பு! தகுதி ஒன்று, பெயர் வேறு, வாழ்வும் வேறு!

நமக்கோ பெயர் என்பது குடியுரிமையோடு பிணைந்த பொருள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. அதன்பின் மனுவுக்குமேல் மனுவாக எழுதினோம். செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர் என்று கிடந்தால் எத்தனை தொல்லை! 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் ஒப்பந்தம் செய்து நம்மை எண்ணிக்கையாகப் பங்கிட்டனர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோருக்கும் வழி பிறந்தது. பெயரை அலட்சியமாக எழுதுவது சிறு பிழையன்று. மனிதனையே அழிக்கும் பிழை!

பெயரை மாற்றவே கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். சாதியை நெற்றியில் ஒட்டுவதற்காக மேலோர் திணித்த பெயர்களும் உண்டு. கண்டிச் சீமைச் சிங்களக் கிராமங்களிலும் பெயரைக் கேட்டே சாதியை அறிந்தனர். பத்திரிகையில் விளம்பரம் செய்து பெயர் மாற்றிக்கொண்டோர் பலர். அவர்கள் செயல் விடுதலையுணர்ச்சி. அதை நான் போற்றுகிறேன். ஆனால் அன்னை அன்பால் இட்ட பெயரை, அடுத்தவன் சிரிப்புக்கு அஞ்சித் துறப்பது விடுதலையாகாது.

ஆசிரியர்களே! வரவுப் பதிவேட்டை வாசிக்கும்போது எந்தப் பெயருக்கும் நகை எழ இடங்கொடாதீர்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளைமாரே! பிரட்டுக் களத்தில் முழுப் பெயரைச் சொல்லி அழையுங்கள். பெற்றோரே! பிறப்புப் பதிவிலே எழுத்துப் பிழையின்றி எழுதுவித்து வாங்குங்கள்.

இந்த நாலந்தாவின் கெடிகேயைப் பாருங்கள். தமிழகச் சிற்பமுறையும் பௌத்தமும் கைகோத்த கற்கோயில். போவத்தன்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது அது மூழ்காதிருக்கக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, மேட்டிலே திரும்பக் கட்டினார்கள். கல்லுக்கு அத்தனை மதிப்பு! மனிதனின் பெயருக்கு அதனினும் குறைவா?

தம்பி குப்புசாமி! மனு எழுதுவதும் எழுதாததும் உன் உரிமை. ஆனால் தலை குனிந்து எழுதாதே. வீட்டுக்குச் சென்று, இப்பெயர் ஏன் வந்தது என்று உன் பாட்டியிடம் கேள். கேட்டபின் முடிவு செய்!