கட்டி என்றதும் பசுவை விற்காதீர்கள்

பயிரைப் பற்றிப் பேச வேண்டியவன் வயிற்றைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் ஒரு குடும்பம். மருந்தடிப்பு விஷயமாகப் போனபோது தொழுவம் காலியாகக் கிடந்தது. "பசு எங்கே அண்ணே?" என்றேன். "வித்துட்டோம் சார். எங்க வீட்டம்மாவுக்கு வயித்துல கட்டி. புத்துநோயாம்" என்றார். அந்த அம்மாவுக்கு மூன்று மாதமாகப் பொழுது சாய்ந்தால் காய்ச்சல். சோறு இறங்கவில்லை. உடம்பு இளைத்து வயிறு மட்டும் உப்பியிருந்தது. ஸ்கேனில் கட்டி தெரிந்திருக்கிறது. "புற்றுநோயாக இருக்கலாம், சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கணும்" என்று டாக்டர் சொன்னதில் முதல் பாதிதான் இவர்கள் காதில் விழுந்தது. கத்தி பட்டால் பரவிவிடும் என்று யாரோ சொல்ல, வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்டேன். "கடலைச் செடியைப் பிடுங்கினா வேர்ல முடிச்சு இருக்கு. தக்காளி வேர்லயும் முடிச்சு இருக்கு. ரெண்டும் ஒண்ணா?" கடலையில் இருப்பது தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர் முடிச்சு. தக்காளியில் இருப்பது நூற்புழு உண்டாக்கிய வீக்கம். கிள்ளிப் பார்த்தால்தானே தெரியும்? அவருக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. மறு வாரமே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். துணுக்கைச் சோதித்தார்கள். வந்த முடிவு காசநோய், அதாவது டி.பி.

"இருமலே இல்லையே சார்?" என்றார். டி.பி. கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தத்தின் வழியாகவும், விழுங்கிய சளியின் வழியாகவும் வயிற்றுக்குப் போகும். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் வலது அடிவயிற்றில் குடல் தடித்து, கட்டி போலக் கைக்குத் தட்டுப்படும். சிலருக்கு நீர் கோத்துக்கொள்ளும். பெண்களுக்கு அது சினைப்பைப் புற்றுநோய் போலவே தோன்றும். அந்தப் புற்றுக்குப் பார்க்கும் இரத்தச் சோதனைகூடக் கூடுதலாகக் காட்டும். மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் இருக்கும். ஆகவே துணுக்குச் சோதனைக்குப் பயப்படாதீர்கள். புற்றுநோயாகவே இருந்தாலும் சீக்கிரம் தெரிவது நல்லதுதான்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டு டி.பி. கிருமி பாலிலும் வரும். கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடிக்கிற பழக்கம் வேண்டாம், காய்ச்சிக் குடியுங்கள்.

வயிற்று டி.பி.க்குப் பெரும்பாலும் மாத்திரையே போதும். குடல் அடைத்துக்கொண்டால்தான் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்பதை 1959-லேயே சென்னை ஆராய்ச்சி நிலையம் நுரையீரல் டி.பி.யில் உலகுக்குக் காட்டியது. வயிற்று டி.பி.க்கு ஆறு மாத மருந்து போதும் என்று 1997-ல் வெளியிட்டதும் அதே நிலையம்தான். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், பதிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் மாதம் காய்ச்சல் விட்டதும் அந்த அம்மா, "இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்தப் பார்த்தாராம். அரைகுறையாக மருந்தடித்த தோட்டத்தில் புழு மருந்துக்கு அசையாமல் போவதைப் பார்த்தவர் அவர் கணவர்; விடவில்லை. ஆறு மாதமும் முடித்தார்கள். இப்போது விடியலில் அந்த அம்மாதான் பூப்பறிக்கிறார். தொழுவம் மட்டும் காலியாக இருக்கிறது. கறவை மாட்டுக் கடனுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.