வீடு பார்க்க வந்தவர் பார்க்காதது

நான் பத்தாவது வரை படித்தவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வீடு வாங்க நினைக்கிற நம்ம பெண்களுக்கு உதவும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி மந்தாரக்குப்பம் பக்கம் தளம் போட்ட பழைய வீடு ஒன்று விலைக்கு வந்தது. பாதிப் பணம் கையில் இருந்தது, மீதிக்கு வங்கிக் கடன். வங்கி அனுப்பிய இன்ஜினியர் வந்தார். டேப் பிடித்து அளந்தார், நாலு பக்கமும் போட்டோ எடுத்தார், அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். கடன் கிடைத்தது. "இன்ஜினியரே பார்த்துட்டாரு, அப்புறம் என்ன பயம்?" என்று குடி போனோம்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு ராத்திரி உள் அறையில் மேலே இருந்த சிமெண்டுப் பூச்சு பெயர்ந்து தொப்பென்று விழுந்தது. என் சின்ன மகள் படுக்கிற இடம் அது. அன்றைக்கு அவள் பாட்டிகிட்ட படுத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிக் கிடக்கிறது. விற்றவர் அடித்த புதுப் பெயிண்டில் எல்லாம் மறைந்திருந்தது.

வங்கியில் போய்க் கேட்டேன். அங்கிருந்த சார் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, அவர் வந்தது வீடு என்ன விலை போகும்னு பார்க்க. நீங்க கட்டாம விட்டா எங்க பணம் தேறுமான்னு பார்க்க. ஒழுகுதான்னு பார்க்க வரலை."

அப்போதுதான் புரிந்தது. நம்ம குழுவைத் தணிக்கை செய்ய வருகிறவர் நோட்டைப் பார்ப்பார். யார் வீட்டில் அடுப்பு எரியலை என்று பார்ப்பாரா? அவர் மேல் குறையில்லை. அவர் வந்த வேலை வேறு.

நாமே காசு கொடுத்து ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தால் விரிசல், ஓதம், தளம், கதவு நிலை, சுவிட்ச் போர்டு எல்லாம் பார்ப்பார். ஆனால் அவரும் கண்ணுக்குத் தெரிவதைத்தான் பார்ப்பார். அடுத்தவர் வீட்டுச் சுவரை உடைக்க முடியாது. அஸ்திவாரமும், சுவருக்குள் ஓடும் பைப்பும் ஒயரும் அவருக்கும் தெரியாது.

பத்திரம் பார்ப்பது வக்கீல் வேலை. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். பதியாத ஒப்பந்தம், வாய்ப்பேச்சு ஒத்தி, வீட்டு வரி பாக்கி, கரண்ட் பாக்கி இதெல்லாம் வராது. தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று நம்ம ஊருக்கே உரியது. 1957ல் முதல் சுரங்கம் தொடங்கிய நாளிலிருந்து இங்கே நிலம் எடுப்பது நடக்கிறது. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி அப்படி இடம் பெயர்ந்தவர்கள்தான். வீடு கல்லு மாதிரி இருந்தாலும் அது நிற்கும் மண் எடுக்கப்போகிற மண்ணாக இருந்தால் என்ன செய்வது? இதை இன்ஜினியர் சொல்ல மாட்டார். சர்வே நம்பரை எழுதிக்கொண்டு வி.ஏ.ஓ.விடமும் தாலுகா ஆபீசிலும் கேளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

வீட்டை மழை நாளில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். மொட்டை மாடி ஏறுங்கள். சுவரைத் தட்டுங்கள், டொக்கு டொக்கென்று கேட்டால் பூச்சு விட்டுப்போயிருக்கும். கரையான் மண்கோடு இருக்கிறதா பாருங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் தண்ணீர் தேங்குமா என்று கேளுங்கள். அவங்களைவிடப் பெரிய இன்ஜினியர் கிடையாது.

எங்கள் குழு கொடுத்த 30,000 ரூபாய் உள்கடனில்தான் அந்தத் தளத்தைச் சரி செய்தோம். மாசா மாசம் கட்டிக்கொண்டிருக்கிறேன். இனிமேல் நம்மில் யார் வீடு வாங்கினாலும், குழுவில் ரெண்டு பேர் கூடப் போய்ப் பார்க்கணும் என்று ஒரு தீர்மானம் போடலாமே? என் மகள் தப்பித்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளை அதிர்ஷ்டத்தை நம்பிப் படுக்க வேண்டாம்.