கோலி சோடாவும் அமீன் கரைசலும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என் சொந்த ஊர் மேல்மலையனூர். செஞ்சியில் பஸ் மாறி இந்தக் கல்லூரிக்கு வந்தவன். அமாவாசை என்றால் எங்கள் ஊரில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம், ராத்திரி முழுக்க ஜனம். அந்தக் கூட்டத்தில் அப்பாவின் கடையில் கோலி சோடா உடைத்துக் கொடுத்தது நான்தான். ஐஸ் பெட்டியில் கிடந்த பாட்டில் சாதுவாகத் திறக்கும். வெளியே வைத்த பாட்டில் சீறி முகத்தில் அடிக்கும். சூட்டில் கரியமில வாயு தண்ணீரில் தங்காது என்பதைப் பாடப்புத்தகத்துக்கு முன்னால் என் சட்டை படித்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

சோடாவில் வாயுவை அழுத்தித் திணிக்கிறோம். நிலக்கரிப் புகையிலோ அது 12 முதல் 15 சதவீதம்தான், அழுத்தமும் கிடையாது. வெறும் தண்ணீர் அதைப் பிடிக்காது. அமீன் பிடிக்கும். 1930-இலேயே அமெரிக்காவில் பாட்டம்ஸ் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். மோனோ எத்தனால் அமீனை 30 சதவீதம் தண்ணீரில் கலந்து, சுமார் 40 டிகிரியில் புகையைக் கழுவ வேண்டும். பிறகு 120 டிகிரிக்குக் காய்ச்சினால் பிடித்ததை விட்டுவிடும். காய்ச்சுவதில்தான் காசு போகிறது. ஒரு டன் வாயுவுக்கு 3.5 முதல் 4 ஜிகா ஜூல் வெப்பம்!

இதில் நம்மவர் பங்கும் உண்டு. கரியமில வாயு அமீனில் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பது பற்றி டாங்க்வெர்ட்ஸும் பம்பாய்ப் பேராசிரியர் எம்.எம். சர்மாவும் 1966-இல் எழுதிய கட்டுரையை இந்தத் துறையில் இன்றும் புரட்டுகிறோம். நம் தூத்துக்குடியில் 2016-இல், சோடா உப்பு தயாரிக்கும் அல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் அமைப்பு வந்தது. அமைத்தது கார்பன் கிளீன் நிறுவனம். அதைத் தொடங்கியவர்கள் கரக்பூர் ஐ.ஐ.டி. பையன்கள். அமீனோடு வேறு உப்புகளும் சேர்ந்த கரைசல் அது. பிடித்த வாயுவைப் பூமிக்குள் புதைக்காமல் சோடா உப்பாக்கி விற்றதுதான் கெட்டிக்காரத்தனம் என்பேன்.

இனி என் கதை. இரண்டு அமீன் மூலக்கூறு சேர்ந்து ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடிக்கும். ஆகவே ஒரு மோல் அமீனுக்கு அரை மோல்தான் சுமை. அழுத்தம் கூடினால் கொஞ்சம் மேலே போகும். என் முதல் பெரிய வேலையில் இந்தச் சுமையை அளந்து, 1976-இல் கென்ட், ஐசன்பெர்க் இருவரும் தந்த மாடலில் பொருத்த வேண்டும். மாதிரியில் அமிலம் விட்டால் வாயு மொத்தமும் வெளியேறும். கன அளவைக் குழாயில் படித்து மோலாக மாற்றுவோம். எனக்கு 0.53 வந்தது. மாடல் 0.50 என்றது. அந்த மாடலில் இரண்டு மாறிலிகளைத் தரவுக்கு ஏற்றபடி திருகலாம். திருகினேன். கோடு புள்ளிகள் மேல் அப்படியே உட்கார்ந்தது. பெருமையோடு அறிக்கை கொடுத்தேன், பம்ப் அளவும் அதன்படி முடிவாயிற்று.

எங்கள் லேப் அசிஸ்டென்ட் வயதில் மூத்தவர், பத்தாவது படித்தவர். ஒருநாள் தயங்கித் தயங்கி, "சார், காலைல எடுத்தா ஒரு கணக்கு, மத்தியானம் எடுத்தா ஒரு கணக்கு வருதே, பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. மத்தியானம் கரண்ட் போனால் ஏ.சி. நின்றுவிடும். அறை 35 டிகிரி. என் கணக்குத் தாளிலோ 25 என்று நிரந்தரமாகப் போட்டு வைத்திருந்தேன். வாயு விரிந்தது 3 சதவீதத்துக்கு மேல், குழாயில் கலந்த நீராவி இன்னொரு 2.5. மொத்தம் 6 சதவீதம் கூட.

ஆறுதானே என்று நினைக்காதீர்கள். கரைசல் திரும்பி வரும்போதே 0.20 சுமையோடு வருகிறது, அதைக் காலையில் அளந்ததால் அது சரி. ஆக, ஒரு சுற்றில் புதிதாகத் தூக்குவது 0.33 இல்லை, 0.30தான். பம்ப் ஒன்பது சதவீதம் சின்னதாகிவிட்டது!

ஆர்டர் போக நாலு நாள் இருந்தது. மேலதிகாரி அறைக்கு வெளியே அரை மணி நேரம் நின்றிருப்பேன். உள்ளே போய் அறிக்கை தப்பு என்றேன். அவர் திட்டினார், ஆர்டரை நிறுத்தினார். மூன்று மாதம் மறுபடி அளந்தோம். குழாய்க்குப் பக்கத்தில் தெர்மாமீட்டரை நூலில் கட்டித் தொங்கவிட்டவர் அந்த அண்ணன்தான். புது அறிக்கையில் அவர் பெயரையும் போட்டேன்.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சூட்டுல காஸ் எகிறும்னு சோடாக் கடைக்காரன் புள்ளைக்குத் தெரியலையாடா?" என்றார்.