பழைய முகவரிக்குச் செல்லும் அழைப்பாணை

நாட்டுப்புற மக்களுக்குக் கடன் வசதி கிட்டுவது முன்னேற்றத்தின் அறிகுறி. அக்கடன் நிலுவையாகி நீதிமன்றம் செல்லுமானால், கடன்பட்டவர் தரப்பும் கேட்கப்படுதல் நீதி. அதற்கு அழைப்பாணை அவர் கைக்கு எட்ட வேண்டும்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து மறையூரையும், அதற்கு மேலேயுள்ள மூணாறு தேயிலைத் தோட்டங்களையும் எடுத்துக்கொள்ளலாம். தமிழ் பேசும் உழைப்பாளர் பலர் இங்கு வாழ்கின்றனர். ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி லயத்து வீட்டை விட்டுச் செல்ல வேண்டியவர். பிழைப்பை நாடி உடுமலைப்பேட்டை, திருப்பூர்ப் பக்கம் குடிபெயர்வோரும் உண்டு. ஆயினும் கடன் பத்திரத்தில் பழைய முகவரியே நிலைத்துவிடுகிறது.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, அழைப்பாணையைப் பிரதிவாதியிடமோ, அவர் இல்லாதபோது அவருடன் வாழும் வயது வந்த குடும்பத்தினரிடமோ கொடுக்கலாம். இயலாதபோது, அவர் வழக்கமாகக் குடியிருக்கும் வீட்டின் கதவில் ஒட்டலாம். குடிபெயர்ந்து போனவரின் பழைய கதவு இதில் அடங்காது. ஆனால் எவரும் எடுத்துரைக்காவிடில் நீதிமன்றம் அதனை அறிய வழியில்லை. ஒருதலைத் தீர்ப்பு பிறக்கிறது; ஜப்திக்கு ஆள் வரும்போதுதான் கடன்பட்டவர் வழக்கையே அறிய நேரிடுகிறது.

அப்போதும் வழி அடைபடவில்லை. அச்சட்டத்தின் 9ஆம் கட்டளை, 13ஆம் விதியின்கீழ், தீர்ப்பை நீக்கக் கோரி மனுச் செய்யலாம். காலக்கெடு 30 நாட்கள். அழைப்பாணை முறைப்படி சேராதிருந்தால், தீர்ப்பைப் பற்றி அறிந்த நாளிலிருந்து இக்கெடு கணக்கிடப்படும் என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். எனினும், விசாரணை நாளை முன்னரே அறிந்து, வந்து பதிலளிக்கப் போதிய அவகாசமும் பெற்றிருந்தவர், அழைப்பாணை சேர்ப்பித்ததில் உள்ள முறைகேட்டை மட்டும் காட்டித் தப்ப இயலாது. 1976ஆம் ஆண்டின் திருத்தம் இதனைத் தெளிவாக்கியது. தீர்ப்பு நீங்கினாலும் கடன் நீங்காது. வழக்கே மீண்டும் விசாரணைக்கு வரும்.

ஆகவே, வீடு மாறுவோர் புதிய முகவரியைக் கடன் கொடுத்தவருக்கு எழுத்து மூலம் அறிவித்து, ஒப்புகை பெறுதல் நன்று. வழக்குத் தொடுக்கும் நிறுவனங்கள் முகவரியைச் சரிபார்த்த பின்னரே மனுவில் எழுத வேண்டும். அழைப்பாணை கொண்டு செல்லும் ஊழியர், பூட்டிய கதவைக் கண்டவுடன் ஒட்டிவிட்டுத் திரும்பாமல் அக்கம்பக்கத்தில் விசாரித்து, அதனை அறிக்கையில் குறிப்பிடுதல் கடமை.

வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றோர் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச உதவி பெறும் தகுதியுடையவர். 30 நாட்கள் விரைவில் கழிந்துவிடும். தாள் கைக்கு வந்த அன்றே அங்கு செல்லுமாறு மக்களுக்கு எடுத்துச் சொல்வது, படித்தவர்களும் அலுவலர்களும் ஆற்றத்தக்க பணியாகும்.