புதியவர்களுக்குக் கொடுத்ததை முன்பே கொடுத்திருந்தால்…

நம் குடியிருப்பில் செக்யூரிட்டி ஆட்களை மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில், பாஸ்டன் நகரப் போலீசில் 1919-இல் நடந்ததைக் கொஞ்சம் கேளுங்கள்.

அங்கே போலீஸ்காரர்களுக்குச் சம்பளம் குறைவு, வேலை நேரம் அதிகம். சீருடையைக்கூடச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். அதனால் தொழிற்சங்கத்தில் சேர முனைந்தார்கள். சேரக் கூடாது என்று ஆகஸ்ட் 11 அன்று கமிஷனர் எட்வின் கர்ட்டிஸ் உத்தரவு போட்டார். மீறிய 19 பேரை சஸ்பெண்ட் செய்தார். செப்டம்பர் 9 மாலை 1,100-க்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். ஊரில் கடைகள் சூறையாடப்பட்டன, உயிர்களும் போயின.

வேலைநிறுத்தம் செய்த அத்தனை பேரும் வேலை இழந்தார்கள். பிறகு கெஞ்சியும் திரும்ப எடுக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கோ கூடுதல் சம்பளம், இலவசச் சீருடை! பழையவர்கள் கேட்டதும் இதைத்தானே?

எப்படியும் செய்த செலவுதான். முன்பே செய்திருந்தால் அனுபவசாலிகளும் மிஞ்சியிருப்பார்கள், ஊரும் அமைதியாக இருந்திருக்கும்.

ஆகவே, ஆளை மாற்றுவதாக நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்கு முன், நம் வாட்ச்மேன்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, என்ன குறை என்று ஒரு வார்த்தை கேட்போம்.