மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கு

(வட்டார வளமையத்தில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



டிசம்பர் 14 தேசிய எரிசக்திச் சேமிப்பு நாள். அந்த வாரத்தில் நம் பள்ளிகளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காலை வணக்கக் கூட்டத்தில் உறுதிமொழி, மதியம் ஓவியப் போட்டி, வெள்ளிக்கிழமை பேச்சுப் போட்டி. ஓவியத்தில் ஒரு குண்டு பல்பு கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். குண்டு பல்பை வீட்டில் பார்த்தே இராத பிள்ளைகள் அதை வரைகிறார்கள் என்பது வேறு விஷயம்.

போட்டிகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த ஓவியங்களால் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு யூனிட்டாவது குறைந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். காரணம் எளியது. எதைக் குறைக்க வேண்டும் என்பது அளந்தால்தான் தெரியும். நாம் அளக்கச் சொல்லித் தருவதில்லை, "விளக்கை அணை" என்று மட்டும் சொல்லித் தருகிறோம்.

அந்த விளக்கையே எடுத்துக்கொள்வோம். 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்.இ.டி. பல்பு தருகிறது. நீல நிற எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த ஜப்பானில் பிறந்த மூன்று அறிவியலாளர்களுக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 2015-இல் உஜாலா திட்டம் வந்தது. விலை இறங்கியது. இன்று சிறிய வீடுகளிலும் எல்.இ.டி.தான். அந்த 9 வாட் பல்பு தினமும் ஒரு மணி நேரம் வீணாக எரிகிறது என்று வையுங்கள். 60 நாளில் 540 வாட்-மணி, அதாவது அரை யூனிட்டை ஒட்டி வரும். அதே வீட்டில் டி.வி.யை ரிமோட்டில் அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். செட்-டாப் பாக்ஸ் சுமார் 10 வாட்டை 24 மணி நேரமும் இழுக்கிறது. 60 நாளில் 14.4 யூனிட். அரை யூனிட்டுக்கு நாம் ஓவியப் போட்டி வைக்கிறோம், பதினான்கு யூனிட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தைச் சேமிக்கிறேன் என்று விளக்கை அணைத்துவிட்டு மங்கிய வெளிச்சத்தில் படிக்கும் பிள்ளையை நாம் பாராட்டக் கூடாது. படிக்க எரியும் விளக்கு வீண் இல்லை.

சரி, எப்படி அளப்பது? கருவி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. இப்போதுள்ள மின்னணு மீட்டர்களில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுக்கும். மீட்டரின் முகப்பில் 3200 என்ற எண்ணும் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'இம்ப்' என்ற சுருக்கமும் அச்சாகியிருக்கும். அந்த விளக்கு 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று பொருள். சில மீட்டர்களில் 1600 என்றும் இருக்கும். எண்ணைப் பார்த்துக்கொள்வது முக்கியம்.

ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம். அதாவது 36 லட்சம் ஜூல். அதை 3200-ஆல் வகுத்தால் 1125. ஒரு மினுக்கலுக்கு 1125 ஜூல். ஆகவே இரண்டு மினுக்கலுக்கு இடையே எத்தனை வினாடி என்று எண்ணி, 1125-ஐ அதனால் வகுத்தால் வாட் வந்துவிடும். 1600 மீட்டர் என்றால் 2250-ஐ வகுக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் திறன், ஆற்றல், கிலோவாட் மணி என்று நடத்துகிறோமே, அந்தப் பாடம் இந்த ஒரு வரிக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

செய்முறை இதுதான். வீட்டில் எல்லாவற்றையும் பெரியவர்களைக் கொண்டு சுவிட்சில் அணைக்கச் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜை ஐந்து நிமிடம் அணைத்தால் ஒன்றும் ஆகிவிடாது. பிறகு ஒரு விசிறியை மட்டும் போட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். சாதாரண சீலிங் ஃபேன் என்றால் 15 வினாடிக்கு ஒரு மினுக்கல் வரும். 1125-ஐ 15-ஆல் வகுத்தால் 75 வாட். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புது விசிறி என்றால் 35, 40 வினாடி காத்திருக்க வேண்டும். அயர்ன் பாக்ஸைப் போட்டால் வினாடிக்கு ஒன்று வீதம் படபடக்கும். அப்போது பத்து மினுக்கலை எண்ணிச் சராசரி எடுப்பது நல்லது.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கண்டிப்பு: கண்ணால் பார்க்கலாம், எண்ணலாம், மீட்டரையும் மெயினையும் ஃபியூஸையும் தொடவே கூடாது. மழை நாளில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் "இது எங்களுக்கு இல்லை" என்று நினைக்க வேண்டாம். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வெள்ளை நிற மின் அட்டை போதும். போன முறை அளவு, இந்த முறை அளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஐந்து இலக்கக் கழித்தலுக்கு இதைவிட உயிருள்ள கணக்கு எந்தப் பயிற்சி நூலிலும் இல்லை. அட்டை இல்லாத வீடுகளில் அம்மாவின் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தி இருக்கும்.

எங்கள் பள்ளி திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. பனியன் கம்பெனி வேலையும் வீட்டிலேயே பீஸ் ரேட்டுக்குத் தைப்பதும்தான் பெரும்பாலான பெற்றோருக்குப் பிழைப்பு. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, லைன் வீட்டில் குடியிருப்பவள், கொண்டுவந்த அளவு என்னை யோசிக்க வைத்தது. அவள் அம்மாவிடம் பழைய கிளட்ச் மோட்டார் பொருத்திய பவர் மெஷின் இருக்கிறது. பெடலை மிதித்தால்தான் கரண்ட் ஓடும் என்று அந்த அம்மா நினைத்திருக்கிறார். மகள் எண்ணிப் பார்த்திருக்கிறாள். அம்மா பிசிறு வெட்டும்போதும், பீஸ் அடுக்கும்போதும், டீ குடிக்கும்போதும் ஏழெட்டு வினாடிக்கு ஒரு மினுக்கல் வந்துகொண்டே இருக்கிறது. சுமார் 150 வாட்.

கிளட்ச் மோட்டாரின் அமைப்பே அப்படி. சுவிட்ச் போட்டதும் மோட்டார் சுற்றத் தொடங்கிவிடும். பெடல் அந்தச் சுழற்சியை மெஷினோடு சேர்க்கும், பிரிக்கும், அவ்வளவுதான். புதிதாக வரும் சர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டும் சுற்றும். அது வாங்கக் கையில் பணம் இல்லை. ஆனால் பிசிறு வெட்ட உட்காரும்போது சுவிட்சை அணைக்கக் காசு வேண்டாம். நாளைக்கு மூன்று மணி நேரம், மாதம் 25 வேலை நாள் என்று அவள் போட்ட கணக்கில் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டுக்கு மேல் வந்தது. அவர்கள் வீட்டு உரிமையாளர் சப்-மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். இருநூறு ரூபாய். "எங்கம்மா எத்தனை பீஸ் தைச்சா சார் இருநூறு ரூபா?" என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வியை எந்தப் பேச்சுப் போட்டியிலும் நான் கேட்டதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அரசு தரும் இலவச யூனிட் வீட்டு இணைப்புக்குத்தான். இப்படி நிலையான விலைக்கு வாங்கும் வாடகைக் குடும்பத்துக்கு அந்தச் சலுகை நேரடியாகக் கைக்கு வருவதில்லை. எனவே வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக "இத்தனை ரூபாய் மிச்சமாகும்" என்று சொன்னால் அது யாருக்கும் சரியாக இருக்காது.

இதை விசிறியை வைத்தே பார்க்கலாம். 75 வாட் விசிறியை மாற்றி 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி போடுகிறோம். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் 21.6 ஆகக் குறையும். மிச்சம் 32 யூனிட். இது ரூபாயில் எவ்வளவு? 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி கணக்கிட்டேன். அதற்குப் பிறகு விலை மாறியிருக்கிறது. உங்கள் ரசீதில் உள்ள விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

90 யூனிட் ஓடும் வீட்டுக்கு மிச்சம் பூஜ்யம். ஏற்கெனவே கட்டணமே இல்லை. 300 யூனிட் வீட்டுக்கு யூனிட் 4.50 வீதம் 144 ரூபாய். 520 யூனிட் வீட்டுக்கு? 2110 ரூபாய் கட்டியவர்கள் 488-க்கு இறங்கியதும் 1653 கட்டுவார்கள். மிச்சம் 457 ரூபாய். அதே விசிறி, அதே 32 யூனிட்.

எப்படி? அந்தக் கட்டணப்படி 500-ஐத் தாண்டியதும் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறவில்லை. 101 முதல் 200 வரை 2.25 ரூபாயாக இருந்த விலையும் 4.50 ஆகிவிட்டது. 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1958 ரூபாய். ஒரே ஒரு யூனிட் 233 ரூபாய்! இதை உயர்நிலை வகுப்பில் வரைபடமாகப் போடச் சொன்னேன். 500-இல் கோடு செங்குத்தாகத் தாவுவதைப் பார்த்து ஒரு பையன் "கிராஃப் தப்பா வருது சார்" என்று மூன்று முறை அழித்து அழித்துப் போட்டான்.

அதனால் புது விசிறி யாருக்கு லாபம் என்பது வீட்டுக்கு வீடு மாறும். சாதாரண விசிறியைவிட ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 90 யூனிட் வீட்டில் மாட்டச் சொல்வது அறிவுரை அல்ல. விலையில்லா மேசை மின்விசிறி இன்னும் நன்றாக ஓடும் வீடுகள் நம் ஊர்களில் உண்டு. ஓடட்டும். அதிக யூனிட் எரியும் வீட்டில், அதிலும் ஆசிரியர்களாகிய நம் வீடுகளில்தான் முதலில் மாற்ற வேண்டும். இதைச் சொல்லும்போது சிலர் சிரிக்கிறீர்கள். ஏ.சி.யும் கீசரும் யார் வீட்டில் இருக்கின்றன என்று எனக்கும் தெரியும்.

வாங்கும்போது நட்சத்திர முத்திரையைப் பார்ப்பது நல்ல பழக்கம். 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த எரிசக்தித் திறன் வாரியம் 2006-இல் அந்த முத்திரையைக் கொண்டுவந்தது. சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி முதல் அது கட்டாயம். ஆனால் நட்சத்திரத்தை மட்டும் எண்ணினால் ஏமாறுவோம். நட்சத்திரம் அந்தந்த வகைக்குள், அந்தந்தக் கொள்ளளவுக்குள் ஒப்பிட்டுத் தரப்படுவது. பெரிய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில் நட்சத்திரம் கூடுதலாக இருந்தும், சிறிய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜைவிட ஆண்டுக்கு அதிக யூனிட் இழுப்பதுண்டு. முத்திரையில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்ற எண் இருக்கும், அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். எந்த ஆண்டின் முத்திரை என்பதையும் பார்க்க வேண்டும். அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய ஐந்து நட்சத்திரம் ஆகாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபிரிட்ஜை இரவில் அணைத்துவைக்கும் வழக்கம் நம் ஊரில் நிறைய. அதில் பெரிய மிச்சம் இல்லை. காலையில் கம்ப்ரசர் விட்டதைப் பிடிக்க ஓடும், மாவும் பாலும்தான் கெடும். அதைவிடக் கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகிக் கதவை மூடிப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் குளிரும் அப்படித்தான் வெளியே போகிறது. சாம்பார் ஆறிய பிறகு உள்ளே வையுங்கள். பழைய பெட்டி ரெகுலேட்டரில் விசிறியை மெதுவாக ஓட்டினால், வேகம் குறைகிற அளவுக்குக் கரண்ட் குறைவதில்லை. கொஞ்சம் ரெகுலேட்டரைச் சூடாக்கவே போய்விடுகிறது. மினுக்கலை எண்ணினால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது வாரியத்தின் கணக்கு. 24-இல் வைத்து விசிறியும் போட்டுக்கொண்டால் போதும். மேல்தொட்டி தினமும் பத்து நிமிடம் வழிந்தால், மோட்டார் 1000 வாட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 10 யூனிட். தண்ணீர்க் கணக்கு தனி.

கடைசியாக, இதை வகுப்பில் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பிள்ளையின் ரசீதையும் பெயர் சொல்லி வாசிக்காதீர்கள். என் வகுப்பில் ஒரு வீட்டில் 38 யூனிட், இன்னொரு வீட்டில் 640. பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்திருக்கும் வீடும் இருக்கலாம். அதை ஊருக்குத் தெரியப்படுத்துவது நம் வேலை இல்லை. அ வீடு, ஆ வீடு என்று எழுதச் சொல்லுங்கள். வீட்டில் அளக்க முடியாதவர்கள் பள்ளி மீட்டரில் அளக்கட்டும். விடுமுறை நாளில் பள்ளி மீட்டர் எத்தனை வினாடிக்கு ஒருமுறை மினுக்குகிறது என்று பார்த்துவிட்டுத் தலைமை ஆசிரியரிடம் வந்து கேள்வி கேட்பார்கள். தலைமை ஆசிரியர்கள் தயாராக இருந்துகொள்ளுங்கள்.

பொருள், வினாடி, வாட், நாளைக்கு எத்தனை மணி, 60 நாளைக்கு எத்தனை யூனிட் என ஐந்து கட்டம் கொண்ட ஒரு படிவத்தை நகலெடுத்து வந்திருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துப்போய் இன்று இரவு உங்கள் வீட்டு மீட்டரில் முதலில் எண்ணிப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நிரப்பிக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.